சான்றோடு கட்டிய சொல்

பிளவு ஈஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் சிறுதானிய பீரிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட அந்த ஒற்றைச் செல் உயிர், நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிளந்து பெருகும். அதன் சி.டி.சி.2 என்ற மரபணு பழுதானால் செல் நீண்டுகொண்டே போகுமே தவிரப் பிரியாது. 1982இல் பால் நர்ஸும் கூட்டாளிகளும் அப்படிப் பழுதான செல்லுக்குள் ரொட்டி ஈஸ்ட்டின் மரபணுத் துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு துண்டு போன இடத்தில் செல் மறுபடி பிரியத் தொடங்கியது. அந்தத் துண்டில் இருந்தது சி.டி.சி.28, அமெரிக்காவில் லீலண்ட் ஹார்ட்வெல் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த மரபணு. 1987இல் மெலனி லீயும் நர்ஸும் மனித மரபணுக்களை வைத்து அதே சோதனையைச் செய்தார்கள். மனித மரபணு ஒன்றும் ஈஸ்ட்டைப் பிரியவைத்தது. அதற்கு இன்று சி.டி.கே.1 என்று பெயர். மனிதரின் மூதாதையும் ஈஸ்ட்டின் மூதாதையும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகும், செல்லைப் பிரியச்சொல்லும் கட்டளை இரண்டிலும் ஒரே வகைப் புரதத்திடம்தான் இருக்கிறது. இந்தத் துறையின் ஆய்வுக்காக ஹார்ட்வெல், நர்ஸ், டிம் ஹன்ட் மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வெற்றிக்கு அடியில் ஒரு குழப்பமும் கிடக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் மரபணுவுக்கு மூன்று உயிர்களில் மூன்று பெயர். அதோடு முடியவில்லை: ரொட்டி ஈஸ்ட்டிலும் சி.டி.சி.2 என்று ஒரு மரபணு உண்டு; அது செய்வது டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் வேலை, பிளவு ஈஸ்ட்டின் சி.டி.சி.2க்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் இலக்கணக்காரர்கள் ஒருபொருட் பன்மொழி என்றும் பலபொருள் ஒருமொழி என்றும் பிரித்துச் சொன்ன இரண்டு நிலைமையும் இந்த ஓர் உதாரணத்துக்குள்ளேயே வந்துவிட்டன. பழ ஈ ஆய்வாளர்களின் பெயரிடும் வழக்கம் இன்னும் விசித்திரமானது. மரபணு கெட்டுப்போனால் ஈயின் உடலில் என்ன தெரிகிறதோ அதையே பெயராக வைப்பார்கள். 1910இல் தாமஸ் ஹன்ட் மார்கன் கண்ட வெள்ளைக் கண் ஈயிலிருந்து வந்த பெயர் ‘ஒயிட்’. ஆனால் பழுதில்லாத ஒயிட் மரபணு, நிறமியின் மூலப்பொருள்களைக் கண் செல்லுக்குள் கொண்டுசேர்த்துக் கண்ணைச் சிவப்பாக்குகிறது. பெயரைக் கேட்பவருக்கு நேர் எதிரான செய்தி போகிறது. இறக்கை முளைக்காத ஈயிலிருந்து ‘விங்லெஸ்’ வந்தது. எலியின் மார்புப் புற்றுக்கட்டிகளில் ரோல் நூசும் ஹெரால்ட் வார்மஸும் 1982இல் கண்டெடுத்த மரபணுவுக்கு ‘இன்ட்-1’ என்று பெயர். இரண்டும் ஒரே குடும்பம் என்பது 1987இல்தான் தெரிந்தது. பிறகு இரண்டு பெயரையும் இணைத்து ‘வின்ட்’ என்று பொதுப்பெயர் வைத்தார்கள். சாதாரணச் சொற்களும் இப்படித்தான் வழுக்கும்: மொட்டு என்றால் செடியாய்வாளருக்கு ஒன்று, ஈஸ்ட் ஆய்வாளருக்கு ஒன்று, பல் முளைப்பதை ஆராய்பவருக்கு வேறொன்று.

மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆராய்ந்த காலத்தில் இந்தக் குழப்பத்தை மனித நினைவு தாங்கியது. யார் எதை எந்தப் பெயரில் எழுதுகிறார் என்பது துறைக்குள் இருப்பவருக்குத் தெரியும். 1996இல் ரொட்டி ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதி முழுதும் வாசிக்கப்பட்டபோது சுமார் 6,000 மரபணுக்கள் ஒரே நாளில் மேசைக்கு வந்தன. புழு, ஈ, எலி, மனிதன் என்று வரிசை பின்னாலேயே நின்றது. ஈயில் ஒரு மரபணுவைப் பார்க்கும்போது ஈஸ்ட்டில் அதன் உறவு என்ன வேலை செய்கிறது என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கணினியிடம் கேட்க வேண்டும். கணினிக்கோ ஒரு தரவுத்தளத்தின் சொல்லும் மற்றொன்றின் சொல்லும் ஒன்றா வேறா என்று தெரியாது. 1998இல் பழ ஈ, ரொட்டி ஈஸ்ட், எலி ஆகிய மூன்றின் தரவுத்தளங்களை நடத்தியவர்கள் கூடி ஜீன் ஆன்டாலஜி கூட்டமைப்பைத் தொடங்கியது இதற்காகத்தான். கேம்பிரிட்ஜின் மைக்கேல் ஆஷ்பர்னரை முதல் ஆசிரியராகக் கொண்டு 2000இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த கட்டுரை அந்த முயற்சியை உலகுக்குச் சொன்னது. அந்தக் கூட்டமைப்பு கட்டிய பொதுச் சொற்றொகுதியில் இன்று சுமார் 40,000 சொற்கள் இருக்கின்றன.

ஒரு மரபணுவைப் பற்றி மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்பது அதன் அடிப்படை. மூலக்கூறு அளவில் அது செய்யும் வேலை என்ன? அந்த வேலை எந்தப் பெரிய நிகழ்முறையில் சேர்கிறது? செல்லின் எந்த இடத்தில் நடக்கிறது? நெசவில் நாடா ஓட்டுவது வேலை, சேலை நெய்வது அவ்வேலை சேரும் தொழில், தறிக்கூடம் அது நடக்கும் இடம் என்பது போல. சி.டி.சி.2, சி.டி.சி.28, சி.டி.கே.1 மூன்றையும் இணைப்பது ஜி.ஓ.:0004693 என்ற எண்ணுள்ள சொல். சைக்ளின் என்ற புரதத்தைச் சார்ந்து இயங்கும் கைனேஸ் நொதி என்பது அதன் சாரம். எண்தான் இங்கே நிலையான அடையாளம். அதற்கு ஒரு வரையறை, ஒரு முதன்மைப் பெயர், கூடவே ஒத்த சொற்கள். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கு அப்போப்டோசிஸ் என்று இருந்த பெயரைப் பின்னர் ‘அப்போப்டோசிஸ் நிகழ்முறை’ என்று திருத்தினார்கள், ஜி.ஓ.:0006915 என்ற எண் மாறவில்லை. திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகை பார்த்துச் சொற்களை அடுக்கியது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கென்று தனித் தொகுதியும் வைத்தது. சொற்களைப் பொருளின் கீழ் அடுக்கும் எண்ணம் நமக்குப் புதிதல்ல. நிகண்டு புலவனுக்குப் பல சொற்களைக் கொடுத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லும். இங்கே பல சொற்களும் பாதுகாக்கப்படுகின்றன, ஆனால் எல்லாம் ஓர் எண்ணுக்குள் கட்டுப்பட்டு நிற்கின்றன.

சொற்களை அடுக்கும்போது எழும் சிக்கல் எவ்வளவு நுண்மையானது என்பதைக் கைட்டின் காட்டும். பூஞ்சையின் செல்சுவரிலும் பூச்சியின் புறத்தோட்டிலும் இருக்கும் பொருள் அது. ஜீன் ஆன்டாலஜியில் ஒரு சொல்லுக்கு மேலே பல தாய்ச்சொற்கள் இருக்கலாம். ‘இது அதன் ஒரு வகை’, ‘இது அதன் ஒரு பகுதி’, ‘இது அதை நெறிப்படுத்துகிறது’ என்ற உறவுகளால் வலை பின்னப்பட்டிருக்கும். ஒரு மரபணுவுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தால், வகையும் பகுதியுமாய் அதற்கு மேலே ஏறிப்போகும் பாதை முழுதும் அந்த மரபணுவுக்குப் பொருந்தியாக வேண்டும் என்பது விதி. இப்போது ‘கைட்டின் வளர்சிதைமாற்றம்’ என்ற ஒரே சொல்லை, ஈஸ்ட்டை நினைத்துச் ‘செல்சுவர் கட்டுதல்’ என்பதன் பகுதியாகவும், ஈயை நினைத்துப் ‘புறத்தோடு கட்டுதல்’ என்பதன் பகுதியாகவும் வைத்தால் என்ன ஆகும்? ஈயின் கைட்டின் மரபணு ஒன்றுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்த கணமே, அது செல்சுவர் கட்டுகிறது என்று கணினி முடிவுகட்டிவிடும். ஈக்குச் செல்சுவரே கிடையாது. எனவே கைட்டின் வளர்சிதைமாற்றத்தைப் பொதுச்சொல்லாக மேலே நிறுத்தி, அதன் கீழ் செல்சுவர்க் கைட்டினுக்கு ஒரு சொல்லும் புறத்தோட்டுக் கைட்டினுக்கு ஒரு சொல்லும் பிரித்தார்கள். பாடநூலில் இரண்டு வாக்கியங்களில் கடந்துபோகக்கூடிய வேறுபாடு இது. மனித வாசகர் சூழல் பார்த்துப் புரிந்துகொள்வார். எழுதுபவருக்கும் தன் சொல் எதுவரை உண்மை என்று சோதிக்கும் அவசியம் வருவதில்லை. ஓர் இயந்திரம் எழுத்துக்கு எழுத்து நம்பிவிடும் என்று தெரிந்தபிறகுதான் அந்தச் சோதனை நடந்தது.

இவ்வளவையும் பார்த்து, இது ஒரு கலைச்சொல் அகராதி, நல்ல அகராதி என்று நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. இதன் முதன்மையான பெறுமானம் அகராதியில் இல்லை என்பது என் வாதம். சொல்லை மரபணுவோடு சேர்க்கும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. அந்த வரியில் மரபணுவின் எண், சொல்லின் எண் இரண்டோடு, எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்த முடிவு எடுக்கப்பட்டது, எந்த நாளில் எழுதப்பட்டது, எந்தத் தரவுத்தளம் எழுதியது என்பவையும் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வகைச் சான்று என்பதைச் சொல்லும் குறியீடு ஒன்று உண்டு. புரதத்தைத் தனியே எடுத்து நேரடியாகச் சோதித்ததா? அதற்கு ஐ.டி.ஏ. சடுதிமாற்றம் அடைந்த உயிரின் தோற்றத்திலிருந்து ஊகித்ததா? ஐ.எம்.பி. ஓர் உயிரின் மரபணு இன்னோர் உயிரின் பழுதைச் சரிசெய்ததா, நர்ஸின் சோதனையில் நடந்தது போல? ஐ.ஜி.ஐ. யாரும் தனியாகச் சரிபார்க்காமல் கணினியே இட்டதா? ஐ.இ.ஏ. இவற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றும் குறியீடு என்.டி. ஒரு தொகுப்பாளர் கிடைத்த கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு, இந்த மரபணு என்ன செய்கிறது என்பதற்கு எந்தத் தரவும் இல்லை என்று நாள் குறித்து எழுதிவைப்பது. யாரும் தேடாததால் காலியாக இருக்கும் இடமும், தேடியும் ஒன்றும் கிடைக்காததால் காலியாக இருக்கும் இடமும் ஒன்றல்ல. அறிவியல் கட்டுரைகள் தெரிந்ததைப் பேசப் பழகியவை. தெரியாததை வரிசைப்படுத்தி எழுத அவற்றில் இடமில்லை. இந்தக் குறியீடு அந்த இடத்தைத் திறந்தது. மறுப்புக்கும் இங்கே வழி உண்டு: ஒரு மரபணு எதிர்பார்த்த வேலையைச் செய்யவில்லை என்று சோதனை காட்டினால், ‘இல்லை’ என்ற அடையாளத்தோடு அதையும் பதிவுசெய்யலாம்.

சொற்களை இப்படி உறையவைத்தால் அறிவும் உறைந்துவிடாதா என்பது முதல் எதிர்வாதம். நியாயமான கேள்வி. பி53 என்ற புரதம் 1979இல் கண்டறியப்பட்டபோது அது புற்றுநோயைத் தூண்டுவது என்று நம்பினார்கள். பத்து ஆண்டு கழித்துத்தான் அது புற்றைத் தடுப்பது என்று தெளிவானது, தொடக்கத்தில் சோதனைகளில் பயன்பட்ட மரபணுப் படிகளே சடுதிமாற்றம் அடைந்தவை. அப்போது ஒரு கறாரான சொற்றொகுதி இருந்திருந்தால் தவறான சொல்லே பி53க்கு ஒட்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கட்டுரையை, எந்த வகைச் சோதனையை நம்பி ஒட்டியது என்பதும் அதனோடு இருந்திருக்கும். சோதனையின் பிழை தெரிந்ததும் அதைச் சார்ந்த ஒவ்வொரு வரியையும் தேடிப்பிடித்துத் திருத்தலாம். கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் சிதறிக்கிடக்கும் வாக்கியங்களை அப்படித் திரும்பப் பெற வழியில்லை. சொற்களும் ஓய்வு பெறுகின்றன: பயனற்றது என்று கண்ட சொல்லுக்கு வழக்கொழிந்தது என்ற முத்திரை விழும், அதன் எண் வேறொன்றுக்கு மறுபடி கொடுக்கப்படாது. சொற்றொகுதியின் அடித்தளத்தையே கேள்வி கேட்டவர்களும் உண்டு. 2003இல் மெய்யியலாளர் பேரி ஸ்மித்தும் சகாக்களும் இதன் உறவுச்சொற்கள் தர்க்கத்துக்கு நிற்கவில்லை என்றார்கள். ‘பகுதி’ என்று சொல்லும்போது எப்போதும் பகுதியா, சிலவேளை பகுதியா என்பது தெளிவில்லை என்பது அவர்களுடைய குறைகளில் ஒன்று. கூட்டமைப்பு அதைக் காதில் போட்டுக்கொண்டது. உயிரியலாளர்களும் மெய்யியலாளர்களும் சேர்ந்து எழுதிய உறவு வரையறைகள் 2005இல் வந்தன.

அடுத்த எதிர்வாதம் இன்னும் வலுவானது: இந்தச் சொற்களை வைத்துச் செய்யும் கணக்குகள் ஆராய்ச்சியாளரை ஏமாற்றுகின்றன. எங்கும் நடக்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு நோயில் அளவு மாறிய 300 மரபணுக்களின் பட்டியல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மனிதரின் சுமார் 20,000 மரபணுக்களில் 200க்கு, அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கு, டி.என்.ஏ. பழுதுபார்த்தல் என்ற சொல் இருக்கிறது என்று கொள்வோம். தற்செயலாக எடுத்தால் 300இல் 3 வரும். 15 வந்தால், இந்த நோயில் பழுதுபார்க்கும் வேலை சம்பந்தப்பட்டிருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் ஆய்வு ஈரல் திசுவில் நடந்தது, அங்கே இயங்குவதே 10,000 மரபணுக்கள் என்றால், ஒப்பிட வேண்டியது அந்தப் பத்தாயிரத்தோடு. அதை மறந்து 20,000ஆல் வகுத்தால், ஈரலில் நடக்கும் எந்த வேலையும் நோயின் அடையாளம் போலத் தெரியும். பழைய தரவும் கெடுக்கும். 2015இல் வெளியான சுமார் 3,900 கட்டுரைகளைப் பார்த்து 2016இல் நேச்சர் மெத்தட்ஸில் வந்த ஆய்வு, மூன்றில் இரண்டு பங்கு கட்டுரைகள் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காத மென்பொருளை நம்பியிருந்ததைக் காட்டியது. புதிய தரவில் தெரியும் நிகழ்முறைகளில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் அவற்றுக்குப் பிடிபட்டன. அதிகம் ஆராயப்பட்ட மரபணுவுக்கே மேலும் மேலும் சொற்கள் சேர்கின்றன என்பதும் உண்மை. பி53 பக்கம் நிரம்பி வழியும். பக்கத்து மரபணு ஒரு வரியோடு நிற்கும்.

இவை எல்லாம் உண்மையான குறைகள், மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இவை நமக்கு எப்படித் தெரியவந்தன என்று கேட்டால் வாதம் திரும்புகிறது. தரவு பழையது என்று கண்டுபிடிக்க நாளிட்ட பதிவுகள் தேவைப்பட்டன. எந்த மரபணு புறக்கணிக்கப்பட்டது என்று எண்ணுவதற்கே எண்ணக்கூடிய வரிகள் வேண்டும். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஷ்னோஸும் கூட்டாளிகளும், சோதனையால் நன்கு அறியப்பட்ட 37 நொதிக் குடும்பங்களைப் பல பொதுத் தரவுத்தளங்களில் சரிபார்த்தார்கள். கையால் தொகுக்கப்பட்ட சுவிஸ்-ப்ராட்டில் பிழை ஏறக்குறைய இல்லை. கணினிக் கணிப்பை நம்பிய தளங்களில் பிழை மிகுதி. சில குடும்பங்களில் பதிவுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தவறு. பிழை பரவும் வழியும் எளிதில் விளங்கும்: அ என்ற புரதத்துக்கு ஒரு வேலை சோதனையில் தெரிந்தது, ஆ அதைப் போல இருக்கிறது, எனவே அதே வேலை, இ என்பது ஆவைப் போல இருக்கிறது, எனவே அதே வேலை. மூன்றாவது படியில் நிற்பவர் முதல் படியில் யார் நின்றார் என்பதைப் பார்ப்பதில்லை. சான்றுக் குறியீட்டைத் திறந்து பார்ப்பவருக்கு, நிற்கும் படி எது என்று தெரியும். பார்க்காமல் பயன்படுத்துவது பயன்படுத்துபவரின் பிழை. ஆனால் பார்க்க வழியே இல்லாத முறை எல்லோருக்கும் பிழையைத் தரும்.

இப்போது புதிதாக எழுந்திருக்கும் கேள்வி, மொழி மாதிரிகள் வந்துவிட்டன, அவை ஆய்வுக் கட்டுரைகளை நேராகவே படிக்கும், இனி இந்தக் கறாரான சொற்கள் எதற்கு என்பது. இதற்கான பதில் இந்தத் துறையின் அனுபவத்திலேயே இருக்கிறது. புரதத்தின் வேலையைக் கணிக்கும் மென்பொருள்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது, காஃபா என்று பெயர். முதல் போட்டியின் முடிவுகள் 2013இல் வெளியாயின. 54 முறைகள் மோதின. போட்டி நடக்கும் விதம் நேர்த்தியானது. இன்றைய நிலையில் சோதனைச் சான்று இல்லாத புரதங்களைக் கொடுத்து, அவற்றின் வேலை என்ன என்று கணிக்கச் சொல்வார்கள். கணிப்புகளைப் பூட்டிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அதற்குள் உலகின் ஆய்வகங்களில் சோதனைகள் நடக்கும், தொகுப்பாளர்கள் கட்டுரைகளைப் படித்து ஜீன் ஆன்டாலஜிச் சொற்களைப் பதிவார்கள். புதிதாகச் சோதனைச் சான்று பெற்ற புரதங்களை எடுத்து, யாருடைய கணிப்பு பலித்தது என்று பார்ப்பார்கள். கணினி சொல்வது சரியா என்று தீர்ப்பளிக்க, கணினி சொல்லாத, மனிதர் சோதித்த, நாள் குறித்த பதிவு ஒன்று வெளியே இருந்தாக வேண்டும். வாசிக்கும் இயந்திரம் எவ்வளவு வல்லமை பெறுகிறதோ அவ்வளவுக்கு அந்த வெளிப்பதிவின் தேவை கூடும். இயந்திரம் வாசித்துச் சொன்ன வாக்கியத்தைத் தொகுதியில் சேர்ப்பதிலும் தவறில்லை. அது எப்படி வந்தது என்ற குறியீடு கூடவே இருக்கட்டும்.

ஒரு மரபணுவின் வேலையைச் சூழலின்றி ஒரு சொல்லால் சொல்லிவிட முடியாது என்ற குறையும் சொல்லப்படுகிறது; ஒரே புரதம் மூளையில் ஒன்றும் ஈரலில் ஒன்றும் செய்யும். அதை ஏற்று, இந்த வேலை, இந்த இடத்தில், இதற்கு அடுத்ததாக என்று வரிகளைக் கோத்து மாதிரியாக எழுதும் முறை 2019இல் முன்வைக்கப்பட்டது. அது தொகுப்பாளரின் உழைப்பை இன்னும் கூட்டுகிறது. அந்த உழைப்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்கக் கூடாது. ஒரு கட்டுரையை முழுதும் படித்து, எந்தப் படம் எந்த முடிவைத் தாங்குகிறது என்று தீர்மானித்து, சரியான ஆழத்தில் உள்ள சொல்லைத் தேர்ந்து ஒரு வரி எழுதும் மனிதர்களின் பெயர் யாருடைய மேற்கோளிலும் வருவது அரிது. அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியின் தரவுத்தளமான டேர், அமெரிக்க அரசின் மானியம் நின்றுபோனதால் 2013இல் தனி நிறுவனத்தின் கீழ் போய், சந்தா வாங்கி நடக்கும் நிலைக்கு வந்தது. புதிய கண்டுபிடிப்புக்குப் பணம் கேட்பது எளிது. கண்டுபிடித்ததைப் பிழையின்றி எழுதிவைக்கக் கேட்பது கடினம்.

எழுதிவைக்க இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதற்கு 2016இல் வந்த ஒரு சிறு செல்லே சாட்சி. கிரெய்க் வென்டரின் நிறுவனத்தில் உருவாக்கிய அந்த நுண்ணுயிரில் உயிர்வாழவும் ஓரளவு வேகமாகப் பெருகவும் தேவையானவை தவிர மற்ற மரபணுக்களைக் கழித்துக் கழித்து 473இல் நிறுத்தினார்கள். அவற்றில் 149 மரபணுக்களின் வேலை என்ன என்று செய்தவர்களுக்கே தெரியவில்லை. ஆனால் அந்த 149ஐயும் ஒரே மூட்டையில் கட்டவில்லை. ஒரு பகுதிக்குப் பொதுவாக ஏதோ தெரியும்: உதாரணத்துக்கு, இது செல் சவ்வின் ஊடே எதையோ கடத்துகிறது, எதை என்று தெரியாது. மற்றவற்றுக்கு அதுவும் தெரியாது. கடத்துதல் என்ற சொல் வலையின் மேலே இருக்கிறது, இன்ன பொருளைக் கடத்துதல் என்பது பல படிகள் கீழே. அறிந்தது எந்தப் படிவரையோ அந்தப் படியிலேயே மரபணுவை நிறுத்திவைக்கலாம். ஒரு சோதனை வந்து எந்தப் பொருள் என்று சொல்லும் நாளில், அது கீழ்ப்படிக்கு இறங்கும், புதிய நாளோடும் புதிய குறியீட்டோடும்.